அமர்வு முடிந்த பிறகு: உளவியல் ஆலோசனை மையத்தின் அலுவலக வேலையும் ஏஐ கருவிகளும்

[காட்சி: கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ். இரவு எட்டரை மணி. கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் ஒரே ஒரு சன்னலில் விளக்கு எரிகிறது.]

வணக்கம். அன்றைய கடைசி அமர்வு ஏழரை மணிக்கே முடிந்துவிட்டது. ஆனாலும் ஆலோசகர் இன்னும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஐந்து அமர்வுகளுக்குக் குறிப்பு எழுத வேண்டும், நாளை வருகிறவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும், வேலையிடத்தில் காட்டக் கடிதம் கேட்டவருக்கு அதைத் தட்டச்சு செய்ய வேண்டும், வாட்ஸ்அப்பில் நேரம் மாற்றக் கேட்டு ஏழு செய்திகள் காத்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு மையத்தின் முன்மேசையில் தொடங்கி, பின்னர் நிர்வாகத்தையும் கவனித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அறைக்கு வெளியே நடக்கும் இந்த வேலையில் பெரும்பகுதியை ஏஐ கருவிகளால் குறைத்துத் தர முடியும். அறைக்குள் நடக்கும் பேச்சை அவற்றிடம் கொடுப்பது முற்றிலும் வேறு விஷயம்.

முதலில் நினைவூட்டலை எடுத்துக்கொள்வோம். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் ஒரே செய்தியை எழுதுவது ஏஐ கருவிக்குச் சில நொடி வேலை. ஆனால் நான் முதன்முதலில் கேட்டபோது அது எழுதித் தந்த செய்தியில் மையத்தின் பெயரும், 'உளவியல் ஆலோசனை' என்ற சொல்லும், வருகிறவரின் முழுப்பெயரும் இருந்தன. கைப்பேசி சாப்பாட்டு மேசை மீது கிடக்கும் வீட்டில், பூட்டிய திரையிலேயே அதை மாமியார் படித்துவிடலாம் என்பது கருவிக்குத் தெரியாது; நமக்குத் தெரியும். நாங்கள் திருத்திய வடிவம் இதுதான்.

[திரையில்: "வணக்கம். நாளை புதன்கிழமை மாலை 5 மணிக்கு உங்கள் சந்திப்பு. நேரம் மாற்ற வேண்டுமானால் இன்றிரவு 9 மணிக்குள் சொல்லுங்கள்."]

பெயர் இல்லை, இடம் இல்லை, காரணமும் இல்லை. இந்த வார்ப்பை ஒருமுறை செய்துவிட்டால் போதும். அதற்காக எவருடைய விவரத்தையும் கருவியிடம் தர வேண்டியதில்லை. வருகைக் கடிதத்துக்கும் இதே முறைதான். இன்ன தேதியில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இவர் எங்கள் மையத்தில் இருந்தார் என்பதோடு கடிதம் நிற்க வேண்டும். "பதற்றத்துக்கான ஆலோசனைக்காக" என்று ஓர் அன்பான வாக்கியத்தைக் கருவி தானாகவே சேர்க்கும்; முதலாளியின் கையில் போய்ச் சேரும் அந்த ஒரு வாக்கியம் ஒருவருடைய வேலைக்கே உலை வைத்துவிடக்கூடும்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியத் தமிழருக்குப் பொதுவாகக் குடும்பப்பெயர் கிடையாது. அடையாள அட்டையில் தன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி என்று வரும். வெளிநாட்டில் உருவான மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் மையத்தில் அப்படி ஒரு மென்பொருள், தந்தையோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு அந்த வேதனையைச் சொல்லவே வந்த ஒரு பெண்ணுக்கு, அந்தத் தந்தையின் பெயரை விளித்துக் கடிதம் தயாரித்தது. அனுப்பும் முன் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். அன்று முதல், எப்படி அழைக்கப்பட விரும்புகிறீர்கள் என்று பதிவுப் படிவத்திலேயே கேட்டு, அந்தப் பெயரை மட்டும் தனிக் கட்டத்தில் வைத்திருக்கிறோம். நாட்காட்டியையும் அப்படியே ஒருமுறை கையால் சரிபார்த்துவிடுங்கள்: தைப்பூசம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பொது விடுமுறை, எல்லா மாநிலங்களிலும் அப்படியில்லை.

[காட்சி: மூடிய அறைக் கதவு. உள்ளே இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு டிஷ்யூ பெட்டி.]

இனி அமர்வுக் குறிப்புக்கு வருவோம். உரையாடலைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, சுருக்கமும் தந்துவிடுவதாகச் சொல்லும் கருவிகள் இன்று நிறைய வந்துவிட்டன. களைத்துப்போன ஆலோசகருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாகத் தெரியும் என்பதை நான் அறிவேன். எனவே அப்படி ஒன்றை, வருகிறவர் எவரையும் வைத்து அல்ல, எங்கள் பணியாளர் இருவரையே ஆலோசகராகவும் வருகிறவராகவும் நடிக்கச் சொல்லிச் சோதித்தோம். வருகிறவராக நடித்தவர் "நெஞ்சு அடைக்குது" என்றார். சுருக்கத்தில் அது மார்பு வலி ஆகிவிட்டது. பிறகு அவர் ஏறத்தாழ முக்கால் நிமிடம் எதுவும் பேசாமல் இருந்தார். அந்த இடத்தில் எழுத்துப் பிரதியில் ஒரு முழு வாக்கியம் இருந்தது. அறையில் இருந்த எவரும் அதைச் சொல்லவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. ஓபன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்ற பேச்சு எழுத்தாக்கக் கருவியைப் பற்றி, கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2024 ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ 1 விழுக்காட்டில், யாரும் பேசாத சொற்றொடர்களைக் கருவி தானே இட்டுக்கட்டியிருந்தது. அப்படி இட்டுக்கட்டியவற்றில் 38 விழுக்காடு வன்முறை, ஒருவரைப் பற்றிய பொய்யான விவரம் போன்ற தீங்கான செய்திகளைக் கொண்டிருந்தன. மூளைப் பாதிப்பால் பேசச் சிரமப்படும் பேச்சிழப்பு (அஃபேசியா) நிலை உள்ளவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக இருந்தது. பேச்சில்லாத நீண்ட இடைவெளிகளோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக அவர்கள் கண்டனர். ஆலோசனை அறையில் மௌனம்தான் பல நேரங்களில் மிக முக்கியமான பேச்சு. அதை இட்டு நிரப்பிவிடும் கருவியிடம் குறிப்பை விடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நாங்கள் கடைப்பிடிக்கும் வழி எளியது. அமர்வு முடிந்ததும் ஆலோசகர் தம் சொந்தச் சொற்களில் ஐந்தாறு வரி எழுதுகிறார். பெயர், ஊர், வேலையிடம் எதுவும் அதில் இருக்காது. அதை மையத்தின் படிவத்தில் ஒழுங்காக அடுக்கித் தருவது மட்டுமே கருவியின் பணி. பிறகு ஆலோசகர் வரிக்கு வரி படித்துக் கையொப்பமிடுகிறார், ஏனெனில் மலேசியாவின் 1998 ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருப்பவர் அவர்தான். நாளை கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

சட்டத்தை இன்னும் சற்று பார்ப்போம். 2010 ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நல, மனநல விவரங்களைச் சாதாரணத் தரவுகளிலிருந்து பிரித்து, கூடுதல் பாதுகாப்புக்குரியவையாக வைக்கிறது; அவற்றைக் கையாளப் பொதுவாக வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். 2024 இல் வந்த திருத்தத்தின்படி, பெரும் தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. சட்டத்தின் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். கருவியின் சேமிப்பகம் வெளிநாட்டில் இருந்தால், தரவு எல்லை தாண்டுவதற்கான விதிகளும் சேர்ந்துகொள்ளும். இவை வெறும் காகித அச்சங்கள் அல்ல. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடப்பட்டு, 2020 இல் நோயாளிகளுக்கே நேரடியாக மிரட்டல் மின்னஞ்சல்கள் போயின. ஏறத்தாழ 33,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். நம்பிக்கையோடு மனம் திறந்தவர்களின் சொற்களே அவர்களுக்கு எதிராகத் திரும்பின.

[காட்சி: இருளில் ஒரு கைப்பேசித் திரை. நேரம் 2:10.]

கடைசியாக, தானாகப் பதிலளிக்கும் வசதி. நேரம் மாற்றுவதற்கு இது மிகவும் உதவும். ஆனால் அதே எண்ணுக்கு, பின்னிரவில், "இனி வரமாட்டேன், எதுக்கும் அர்த்தம் இல்ல" என்று ஒரு செய்தி வரலாம். அதை அப்பாயின்ட்மெண்ட் ரத்து என்று புரிந்துகொண்டு, "உங்கள் சந்திப்பு நீக்கப்பட்டது, நன்றி" என்று கருவி பதில் அனுப்புவதை நினைத்துப் பாருங்கள். எனவே நேரம், தேதி தவிர வேறு எதுவும் உள்ள செய்திக்குக் கருவி சொந்தமாகப் பதில் எழுதக்கூடாது என்று அமையுங்கள். இந்த எண் இரவில் கவனிக்கப்படுவதில்லை என்பதையும், மனம் உடைந்தவர்களுக்குத் தொலைபேசியில் துணைநிற்க 24 மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணையும் மட்டும் அது அனுப்பட்டும். அதே கணத்தில் பொறுப்பாளர் ஒருவரின் கைப்பேசி ஒலிக்கட்டும். அந்தப் பொறுப்பாளர் யார் என்பதை, ஞாயிற்றுக்கிழமைக்கும் தீபாவளிக்கும் சேர்த்து, கருவியை இயக்கும் முன்பே பெயர் குறித்து முன்மேசைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.