குகைக்குள் கேமரா எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி மாணவர்களோடு பெலிஸ் நாட்டுக்குப் போய்வந்த பயணத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மெக்சிகோவுக்கும் குவாத்தமாலாவுக்கும் அண்டை நாடு அது. மாயர்கள் என்ற அந்தப் பகுதிப் பழங்குடி மக்கள் கட்டிய பழைய நகரங்கள் அதன் காடுகளுக்குள் நிறைய இருக்கின்றன.

ஷுனன்துனிச் நகரத்தைப் பார்த்தோம். அங்கே எல் காஸ்தியோ என்ற கோபுரம் 40 மீட்டர் உயரம். மேலே ஏறி நின்றால் குவாத்தமாலா எல்லை வரை தெரிகிறது. பிள்ளைகள் ஆசைதீரப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆக்துன் துனிசில் முக்நால் குகையைப் பற்றித்தான். அங்கே கேமராவுக்கு அனுமதி இல்லை. 2012இல் ஒரு சுற்றுலாப் பயணியின் கையிலிருந்து நழுவிய கேமரா, பழங்கால மண்டை ஓடு ஒன்றை உடைத்துவிட்டது. அதன் பிறகு வந்த தடை இது. முதலில் முணுமுணுத்த மாணவர்கள், உள்ளே போனதும் வாயடைத்து நின்றார்கள்.

குகைவாயிலிலேயே நீந்தித்தான் நுழைய வேண்டும். ஹெல்மெட் விளக்கு வெளிச்சத்தில், இடுப்பளவு தண்ணீரில், பாறை இடுக்குகளில் உடம்பை நெளித்துப் போகிறோம். மேல் அறைக்கு ஏறும் முன் காலணிகளைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடுதான் நடக்க வேண்டும். ஏனென்றால், காலடியிலேயே பானைகள் கிடக்கின்றன! ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, மாயர்கள் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில். சிலவற்றில் வேண்டுமென்றே போட்ட ஓட்டை தெரிகிறது. சுண்ணாம்புப் படிவு ஏறி, சில பானைகள் தரையோடு ஒட்டிப்போயிருக்கின்றன.

கடைசியில், பலியிடப்பட்டதாகக் கருதப்படும் ஓர் இளம் உயிரின் எலும்புக்கூடு. அதன் மேலும் அந்தப் படிவு ஏறி மினுமினுக்கிறது. பளிங்குக் கன்னி என்று பெயர் வைத்தார்கள். இளைஞனாக இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

எதற்காக இவ்வளவு ஆழத்துக்கு வந்தார்கள்? மாயர்களுக்குக் குகை என்பது பாதாள உலகத்தின் வாசல். மழைக் கடவுள் சாக் குடியிருக்கும் இடமும்கூட. தெற்கு பெலிஸில் உள்ள யோக் பாலும் குகையின் சுண்ணப்படிவை ஆராய்ந்து, 2012இல் ஒரு மழை வரலாறு வெளியிட்டார்கள். கி.பி. 660க்குப் பிறகு மழை படிப்படியாகக் குறைந்ததை அது காட்டுகிறது. முக்நால் பானைகளில் பெரும்பாலானவை அந்த வறண்ட காலத்தை ஒட்டியவைதான். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, அந்தப் பானைகள் வெறும் பழம்பொருளாகத் தெரிவதில்லை. மழை கேட்டு வந்தவர்களின் தவிப்பு தெரிகிறது.

இவற்றை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனால் பாதுகாப்பாக இருக்குமே என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் இருக்கும் இடத்திலேயே விட்டுவைப்பதுதான் சரி என்பது என் கட்சி. இருட்டு, தண்ணீர், ஆழம், இவற்றிலிருந்து பிரித்துவிட்டால் பானை மட்டும்தான் மிஞ்சும். அதற்காகப் பார்வையாளர் எண்ணிக்கையை இன்னும் குறைத்தாலும் தப்பில்லை.

அப்புறம், மாயர்கள் அழிந்துபோனார்கள் என்று மாணவர்களிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். மோப்பான், கெக்சி, யுகாத்தெக் மாயர்கள் இன்றும் அதே நாட்டில் வாழ்கிறார்கள். மாணவர்களை அழைத்துப்போக நினைக்கும் ஆசிரியர்கள் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் போங்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் குகையை மூடிவிடுவார்கள். நன்றி, வணக்கம்.