போயா தினத்தில் வேலை செய்தார், பதிவில் இல்லை! டைம்ஷீட் அப்ரூவலில் யாரும் பார்க்காத ஒரு செட்டிங்

வணக்கம் உறவுகளே.

போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை நாள், அதிகாலை 5 மணி. கல்முனையில் ஒரு சாப்பாட்டுக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் உள்ளே வந்ததும் போனை எடுத்து 'வேலை தொடங்கிவிட்டேன்' என்று தட்டுகிறார். பகல் 1 மணிக்கு முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். மாத முடிவில் சம்பளப் பட்டியலைப் பார்த்தால், போயா அன்று அவர் வேலைக்கே வரவில்லை! யாரும் அழிக்கவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. மென்பொருளில் ஒரு செட்டிங் பிழை. மனேஜரும் பார்க்காமலே அப்ரூவ் பண்ணிவிட்டார்.

முதலில் டைம்ஷீட் என்ற வேலை நேரப் பதிவின் அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். ஊழியர் தன் நேரத்தைப் பதிகிறார், வாரக் கடைசியில் அனுப்புகிறார், மேலே இருப்பவர் அப்ரூவ் பண்ணுகிறார் அல்லது காரணம் எழுதித் திருப்புகிறார். அப்ரூவ் ஆன வாரம் பூட்டப்படும், அதிலிருந்து சம்பளம் கணக்காகும். கிளாக்கிஃபை, ஒடூ, ஜிபிள் என்று எந்த மென்பொருளை எடுத்தாலும் அடிப்படை இதுதான்.

[திரையில்: 48,000 ÷ 240 = 200]

இப்போது காசுக் கணக்கு. இலங்கையின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் போனால் ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளம் 48,000 ரூபாய் என்றால் 240ஆல் வகுக்க, ஒரு மணிக்கு 200. ஓவர்டைம் மணிக்கு 300. தினமும் அரை மணி ஓவர்டைம் அப்ரூவலில் விடுபட்டால் 24 நாளில் 3,600 ரூபாய். அந்தப் பணம் ஒரு குடும்பத்துக்கு என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, அந்தப் போயா தினம் எங்கே போனது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இணையத்தில் ஓடும் மென்பொருட்கள் நேரத்தைப் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கும். நாங்கள் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். செட்டிங்கில் 'ஆசியா/கொழும்பு' என்று தெரிவு செய்யாமல் யூடிசியிலேயே விட்டுவிட்டால், காலை 5 மணி என்பது முதல் நாள் இரவு 11.30 ஆகிவிடும். வேலை தொடங்கிய தேதியை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள் அந்த எட்டு மணி நேரத்தையும் முதல் நாளில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். போயா அன்று வேலை செய்தால் கிடைக்க வேண்டிய ஒன்றரை மடங்கு சம்பளமும் அதோடு போனது.

அந்த ஐந்தரை மணியும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996 மே மாதம், மின்வெட்டுக் காலத்தில், அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில், புத்தாண்டு முடிந்த கையோடு, பழைய நேரத்துக்கே திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. அது மட்டக்களப்பில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அரசாங்கத்தின் பக்கமான எழுவான்கரையில் 8.30 என்றால் வாவிக்கு அந்தப் பக்கம், புலிகளிடம் இருந்த படுவான்கரையில் 8 மணி. மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான். அதற்கு முன்னர் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். இந்தக் கரையில் ஏறி அந்தக் கரையில் இறங்கினால் கடிகாரம் அரை மணி பின்னால். உங்கள் அம்மா அப்பாவிடம் 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

கணினிகள் பயன்படுத்தும் உலக நேர அட்டவணையில் இந்த மாற்றங்கள் எல்லாம் தேதியோடு பதிவாகி இருக்கின்றன. 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே பெயருக்குள் 1996உம் இருக்கிறது, 2006உம் இருக்கிறது. படுவான்கரைக்கு மட்டும் அதில் தனி வரி கிடையாது. அது எங்கள் பெரியவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அப்புறம், அப்ரூவல். மாதக் கடைசியில் எல்லாரையும் ஒன்றாகத் தெரிவு செய்து ஒரே தட்டில் அப்ரூவ் பண்ணும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஓவர்டைமுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை வாரத்துக்கு 12 மணி. மாதக் கூட்டுத்தொகை 40 மணி என்று பார்த்தால் பிரச்சினை இல்லாதது போலத் தெரியும். வாரம் வாரமாகப் பிரித்தால், ஒரு வாரத்தில் மட்டும் ஒருவர் 20 மணி கூடுதலாக உழைத்திருப்பார். வாரா வாரம் பார்ப்பவருக்குத்தான் அது கண்ணில் படும். திங்கட்கிழமை காலை பத்து நிமிடம் ஒதுக்கினால் சின்னக் கடைக்குப் போதும்.

திருப்பி அனுப்பும்போது காரணத்தை எழுதுங்கள். 'செவ்வாய் வெளியேறிய நேரம் பதியவில்லை' என்று ஒரு வரி போதும். ஊழியர் அனுப்பிய நேரத்தை மனேஜர் தானே மாற்றி அப்ரூவ் பண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊழியரே திருத்தி, அவரே மறுபடி அனுப்பட்டும். சம்பளத்தில் நாளைக்கு ஒரு பிணக்கு வந்தால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு இரண்டு பேரையும் காப்பாற்றும்.

ஓவர்டைமைச் சாதாரண நேரத்தோடு சேர்க்கவும் கூடாது. ஊழியரிடம் 8 சதவீதம், முதலாளியிடம் 12 சதவீதம் என்று சேமலாப நிதிக்குப் பிடிப்பது ஓவர்டைம் பணத்துக்கு வராது.

சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, தட்டிய நேரம் பதிகிறதா, இணையம் கிடைத்த நேரம் பதிகிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

[திரையில்: செட்டிங் பக்கம், நேர வலயம்]

வீடியோவை நிறுத்திவிட்டு இப்போதே இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். என்ன காட்டுகிறது என்று கீழே எழுதுங்கள். பழைய நேரம், புதிய நேரம் கதை உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிப்பேன். பாசிக்குடா ஹோட்டல்களில் இரவு 10 மணிக்கு ஏறி விடியக் காலை 6 மணிக்கு இறங்குபவர்களின் டைம்ஷீட்டை எந்த நாளில் போடுவது என்பதை அடுத்த வீடியோவில் பார்ப்போம்.