பந்தலைப் பிரிப்பதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘நகர நடுவே இருக்கும் பழைய ரயில் நிலையத்தைக் காப்பதா, இடித்து இடத்தை மீட்பதா?’ என்பது தலைப்பு. காக்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஒரே போடாகப் போட்டார்: “கல்யாணம் முடிந்தால் பந்தலைப் பிரிக்க வேண்டியதுதானே?” அரங்கமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன், சும்மா சொல்லக் கூடாது.

சரி, அந்தப் பந்தலையே எடுத்துக்கொள்வோம். பாரிஸில் சீன் நதிக்கரையில் ஓர்சே நிலையம். 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சி என்ற கல்யாணத்துக்காகத்தான் இரண்டே வருடத்தில் அடித்துப்பிடித்துக் கட்டினார்கள். ஆனால் மூங்கிலும் கீற்றுமா போட்டார்கள்? 12,000 டன் உலோகம்! ஐஃபல் கோபுரத்தில் இருப்பதைவிட அதிகம். அத்தனையையும் கல்லுக்குள் மறைத்தார் விக்டர் லாலூ என்ற கட்டடக் கலைஞர். எதிரே லூவ்ர் அரண்மனை இருக்கிறதே, அதன் முன்னால் இரும்புக் கொட்டகையைக் காட்ட முடியுமா? அது கட்டும்போதே கலைக்கூடம் மாதிரி இருக்கிறது என்று ஓர் ஓவியர் கேலி பேசினார். அந்தக் கேலி 86 வருடம் கழித்துப் பலித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உள்ளே நீராவிப் புகை கிடையாது. தொடக்கத்திலிருந்தே மின்சார ரயில்கள், பூமிக்கு அடியில் 16 தண்டவாளங்கள். அந்தப் பெருமைதான் வினையாகவும் வந்தது. ரயில்கள் நீண்டுகொண்டே போயின, நடைமேடைகள் நீளவில்லை. 1939இல் நெடுந்தூர ரயில்களை ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே புறநகர் ரயில்கள் மட்டும் மிஞ்சின. 1945இல் போர்க்கைதிகளும் வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களும் வந்து இறங்கியது இந்தக் கூடத்தில்தான். ‘வேலை முடிந்த கட்டடம்’ என்கிறாரே நண்பர், அவர்களிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

அப்புறம் அதை இடித்துவிட்டுப் பெரிய ஓட்டல் கட்டத் திட்டம் வந்தது. அதற்குள் பாரிஸின் பழைய மத்தியச் சந்தையான லே ஆலின் இரும்பு மண்டபங்களை 1971இல் இடிக்கத் தொடங்கி, ஊரே கொதித்துப்போயிருந்தது. சூடு கண்ட பூனை! 1973இல் ஓர்சேவைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 1986 டிசம்பரில் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. இன்று ரயில் நின்ற கூடத்தில் சிற்பங்கள் நிற்கின்றன. கீழே? புறநகர் ரயில் இன்னும் ஓடுகிறது, நடுவர் அவர்களே! பந்தலும் இருக்கிறது, கல்யாணமும் நடக்கிறது.

அரசுப் பணம் செலவானது உண்மை. பதின்மூன்று வருடம் இழுத்ததும் உண்மை. எல்லா நிலையத்தையும் அருங்காட்சியகம் ஆக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடித்தால் மிச்சம் என்கிறாரே நண்பர், அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

நியூயார்க்கின் பென்சில்வேனியா நிலையம் திறந்தது 1910இல். அதைக் கட்டத் தொடங்கிய ரயில்வே தலைவர் அலெக்சாண்டர் கசாட், ஆற்றுக்கு அடியில் ரயிலை எப்படிக் கொண்டுவருவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். 1901இல் பாரிஸ் போனவர் ஓர்சேவில் மின்சார ரயில் ஓடுவதைப் பார்த்தார். விடை கிடைத்துவிட்டது. ஆக, ஓர்சேவின் தம்பிதான் பென் நிலையம்.

அந்தத் தம்பியை 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். ரயில் நின்றுவிட்டதா? இல்லவே இல்லை! தண்டவாளம் அப்படியே இருந்தது, ரயிலும் ஓடியது. மேலே இருந்த கூடத்தை மட்டும் எடுத்துவிட்டு விளையாட்டு அரங்கத்தைத் தூக்கி வைத்தார்கள். கல்யாணம் நடக்கும்போதே பந்தலைப் பிரித்தவர்கள் இவர்கள். கல்தூண்கள் நியூ ஜெர்சி சதுப்பில் போய் விழுந்தன. பயணிகள் பல பத்தாண்டுகள் தாழ்ந்த கூரைக்கடியில் எலிபோல ஊர்ந்தார்கள். கடைசியில் தாங்க முடியாமல், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பழைய அஞ்சலகக் கட்டடத்துக்குள் 2021இல் புதுக் கூடம் திறந்தார்கள். அந்த அஞ்சலகமும் பென் நிலையத்தை வடிவமைத்த அதே நிறுவனம் வரைந்ததுதான். செலவு சுமார் 160 கோடி டாலர். இடித்து மீட்ட இடத்தின் லாபத்தில் இதைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள் நண்பரை.

மணியடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு செய்தியோடு உட்கார்ந்துவிடுகிறேன். அந்த அலெக்சாண்டர் கசாட்டுக்கு ஒரு தங்கை, மேரி. பிரான்ஸில் வாழ்ந்த ஓவியர். தோட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்து தைப்பதுபோல் அவர் வரைந்த ஓவியம் இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அண்ணன் அண்ணாந்து பார்த்த கூரைக்கடியில் தங்கையின் ஓவியத்துக்கு இடம் கிடைத்தது. அண்ணன் கட்டத் தொடங்கிய கூரை எங்கே என்று எதிரணி நண்பர் அடுத்த சுற்றில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.