சவண்டலை இலையில் ஒரு புள்ளி

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிபர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்த வனத் திணைக்கள ஐயா அவர்களே, ஒரு காலத்தில் என்னிடம் தாவரவியல் படித்து இன்று எனக்கே பொன்னாடை போர்த்திய டொக்டர் தம்பி அவர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காத பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் என்னைத் திட்டாதீர்கள், என் வயதைத் திட்டுங்கள்.

மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். இலையில் புள்ளி ஏன் விழுகிறது, அதை உண்டாக்கும் பங்கசு, அதாவது பூஞ்சை, புது இனமென்றால் எப்படிப் பெயர் வைப்பது, நம்முடைய காட்டு மரங்களின் நிலை என்ன.

முதலாவது சுருக்கமானது. பங்கசின் வித்தி, அதாவது அதன் விதை போன்ற நுண்துகள், காற்றிலோ மழைத்துளியிலோ வந்து இலையில் ஒட்டும். ஈரம் கிடைத்தால் முளைக்கும். இலைவாய் என்னும் நுண்துளை வழியாகவோ தோலைத் துளைத்தோ உள்ளே போகும். அது தின்ற இடம்தான் நாம் காணும் புள்ளி.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு சவண்டலை மரத்தால். வெள்ளைக்காரன் அதைத் ‘திரிங்கோமலி மரம்’ என்றே அழைத்தான். சென்னைக் கரையில் அலை தாண்டிய மசூலாப் படகுகளுக்கும் இந்தப் பலகை போயிருக்கிறது. நம் திருகோணமலையின் பெயரைச் சுமக்கும் மரம்! அதன் இலையில் ஒரு மாரி காலத்தில் கறுப்பு விளிம்போடு புள்ளிகளைக் கண்டேன். பறித்துப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே பரப்பி, மெத்தைக்குக் கீழே வைத்தேன். நாளுக்கு ஒரு தரம் தாள் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். பங்கசைக் காப்பாற்றப் போய் வேறு பங்கசை வளர்த்த கதையாகிவிடும், சரிதானே?

ஒரு கிழமை கொழும்பில் நிற்க வேண்டி வந்தது. திரும்பி வந்தால் மெத்தைக்குக் கீழே ஒன்றுமில்லை. “அந்தக் குப்பையோ? பேப்பர்காரனுக்குக் கொடுத்தாச்சு” என்றாள் மனைவி. அன்று மாலை மனம் கேளாமல் கடற்கரைக்குப் போனேன். கடலை வாங்கினேன். பாதி தின்றபிறகுதான் சுருளைப் பார்த்தேன். தாளின் ஓரத்தில் என் கையெழுத்து! ‘சவண்டலை, மேற்பக்கப் புள்ளி’ என்று எழுதியிருக்கிறேன். கடலைக்காரத் தம்பியிடம் ஓடி, “இலை எங்கே?” என்றேன். “ஐயா, நான் கடலைக்கு இலை போடுறதில்லை” என்றான். அவனிடமிருந்த தாள் முழுவதையும் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். இலை கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு மாதத்துக்குக் கடலை மட்டும் இருந்தது.

சிரிக்கிறீர்கள். அப்புறம் கேளுங்கள். அந்தப் பங்கசு புதிதா பழையதா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் மாதிரி இல்லை. புது மரத்தில் கண்டதால் மட்டும் பங்கசு புதிதாகிவிடாது. நுணுக்குக்காட்டியில் வித்தியை அளக்க வேண்டும், மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அங்கே அளவுகோல். ஏகர் என்னும் கூழ் ஊற்றிய தட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும். இப்போது டி.என்.ஏ.யையும் தெரிந்த இனங்களோடு ஒப்பிடுகிறார்கள். புது இனத்தின் விவரணத்தை 2012 முதல் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். தமிழுக்கு இடமில்லை, அது என் தனி வயிற்றெரிச்சல். 2013 முதல் பதிவு எண்ணும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மூலமாதிரி, அந்தப் பெயருக்குச் சாட்சியாக வைக்கும் மாதிரி. அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று எழுதாவிட்டால் பெயர் செல்லாது. கடலைச் சுருள் நிறுவனம் ஆகாது!

கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று என் அம்மம்மா சொல்லுவா. 1869இல் நம் நாட்டுக் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பேராதனைப் பூங்காவிலிருந்த தாவரவியலாளர் துவெயிற்ஸ் இலையை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பங்கசு ஆராய்ந்த பார்க்லியும் புறூமும் அந்தப் பங்கசுக்குப் பெயர் வைத்தார்கள். ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ், அழிக்கும் ஹெமிலியா. பெயர் வந்தது, கோப்பித் தோட்டங்கள் போயின, தேயிலை வந்தது. இலை நம்முடையது, அதைப் பார்க்க வேண்டுமென்றால் கப்பல் ஏற வேண்டும். வெண்ணெய் இங்கே, நெய் அங்கே.

இன்றைக்குப் பேராதனையில், உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் தேசிய உலர்தாவரகம் இருக்கிறது, மெச்சுகிறேன். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று நிலாவெளியில் பறித்த இலையைக் கொண்டுபோய் வைக்க இந்த ஊரில் ஓர் இடம் வேண்டாமா? நான் மாளிகை கேட்கவில்லை. ஈரம் ஏறாத ஓர் அறை, பூச்சி புகாத அலுமாரிகள், ஒரு பதிவுப் புத்தகம், அதைப் பூட்டித் திறக்க ஓர் ஆள். பல்கலைக்கழக வளாகம் பக்கத்தில் கோணேசபுரியில் இருக்கிறது, மரம் சுற்றிவர நிற்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இவ்வளவு வெண்ணெயையும் வைத்துக்கொண்டு...

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது விஷயம் நின்றுபோயிற்று, மன்னியுங்கள். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், அறைக்கான மனு அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் அலுமாரி சும்மா கிடப்பவர்கள் பெயரையும் எழுதுங்கள். கறையான் அரித்தது மட்டும் வேண்டாம்.