பிபி இறங்கும் வரை காத்திருக்க வேண்டாம்

வணக்கம் நண்பர்களே. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தச் சேனலை நிறையப் பார்க்கிறீர்கள், இன்றைய பேச்சு உங்களுக்காகத்தான். உடம்புக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருப்பதை, பிபி காட்டிக்கொடுப்பதற்கு முன்பே, கட்டிலருகில் நின்றபடி அல்ட்ராசவுண்டில் பிடித்துவிடலாம்.

பிபியை மட்டும் ஏன் நம்பக் கூடாது? 70 கிலோ எடையுள்ள ஒருவரிடம் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் 1500 மில்லி, அதாவது 30 சதவீதம் வரை போனாலும் மேல் பிபி பெரும்பாலும் இயல்பாகவே நிற்கும். ரத்தக்குழாய்கள் சுருங்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், உடம்பு சமாளித்துக்கொள்ளும். இளம் வயதினரும் கர்ப்பிணிகளும் இன்னும் அதிக நேரம் தாக்குப்பிடிப்பார்கள், அப்புறம் மளமளவென்று சரிந்துவிடுவார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்குப் பல்ஸ்கூட ஏறாமல் இருக்கலாம்.

ஹீமோகுளோபின் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் தெரியாது. வெளியேறுவது முழு ரத்தம், ஆகவே உள்ளே மிச்சமிருப்பதன் அடர்த்தி மாறுவதில்லை. திசுக்களிலிருந்து நீர் குழாய்க்குள் வந்த பிறகோ, நாம் சலைன் ஏற்றிய பிறகோதான் அந்த எண் இறங்கத் தொடங்கும்.

சரி, ப்ரோப்பை, அதாவது உடம்பின் மேல் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை எடுப்போம். வயிற்றுக்கான வளைந்த ப்ரோப் போதும். நோயாளி மல்லாந்து படுத்திருக்கட்டும். வலப்பக்க விலாவில் வைத்தால் கல்லீரலும் கிட்னியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைத்தான் மாரிசன் பவுச் என்கிறோம். படுத்திருக்கும்போது மேல்வயிற்றில் தாழ்வான இடம் அது, கசிந்த ரத்தம் அங்கே போய்த் தேங்கும். திரையில் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரியும். இங்கே அவசரப்படாதீர்கள். கல்லீரலின் கீழ் நுனி வரைக்கும் ப்ரோப்பை இறக்கிப் பாருங்கள். கொஞ்சமாக இருக்கும் ரத்தம் பல சமயம் அந்த நுனியில்தான் முதலில் கண்ணில் படும். இடப்பக்கத்தில் மண்ணீரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையில் பார்க்க மறக்கக் கூடாது, கிட்னிப் பக்கம் மட்டும் பார்த்தால் தவறிவிடும். அப்புறம் அடிவயிறு, இதயத்தைச் சுற்றியுள்ள உறை. அடிவயிற்றை, யூரின் ட்யூப் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் பின்னால் இருப்பது தெளிவாகத் தெரியும். இந்த நான்கு இடங்களும் சேர்ந்ததுதான் ஃபாஸ்ட் ஸ்கேன். பழகிய கைக்குச் சில நிமிடம்தான் ஆகும்.

எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுவது ஐவிசி, கீழிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரை. ரத்தம் எங்கே கசிகிறது என்று தெரியாதபோதும் இது பேசும். ரத்ததானத்தில் 450 மில்லி கொடுத்தவர்களுக்கு, கொடுக்கும் முன்பும் பின்பும் ஐவிசியை அளந்து 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக 5 மி.மீ. அளவுக்கு அது மெலிந்திருந்தது. அரை லிட்டர்கூட இல்லாத இழப்பு, அந்த அளவுக்கு பிபி அசைந்துகூடக் கொடுக்காது! ரத்தம் குறைந்திருக்கிறதா என்று அறிய, மூச்சை உள்ளே இழுக்கும்போது ஐவிசி பாதிக்கு மேல் சுருங்குகிறதா, இதயத்தின் இடது கீழறைச் சுவர்கள் ஒன்றையொன்று தொடுகிறமாதிரி துடிக்கின்றனவா என்று சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆரோக்கியமானவருக்கும் ஐவிசி சுருங்கலாம். வலது இதயம் பலவீனமானவருக்கு ரத்தம் போன பிறகும் அது பருத்தே இருக்கலாம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கோ கணக்கே தலைகீழ், மூச்சு உள்ளே போகும்போது விரியும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்கேனில் ரத்தம் தெரியவில்லை என்பதற்காக ரத்தக்கசிவு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வயிற்றில் 200 மில்லியாவது சேர்ந்தால்தான் பெரும்பாலும் கண்ணில் படும். இடுப்பெலும்பு முறிந்து வயிற்றறைக்குப் பின்னால் தேங்கும் ரத்தத்தை ஃபாஸ்ட் பெரும்பாலும் காட்டாது. தொடையெலும்பு முறிவில் தசைக்குள் போவதும் இதில் வராது. உறைந்த ரத்தம் சாம்பல் நிறத்தில் திசுவோடு கலந்து தெரியும். கல்லீரல் நோயில் வயிற்றில் கோக்கிற நீரோ ரத்தம் போலவே கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும்.

விபத்து நோயாளிகளுக்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். குழந்தை பெறும் வயதில் உள்ள ஒரு பெண் வயிற்று வலியோடு மயங்கி விழுந்து வந்தால் கர்ப்பப் பரிசோதனையோடு மாரிசன் பவுச்சையும் உடனே பாருங்கள். பரிசோதனை பாசிட்டிவ், அங்கே கறுப்புப் பட்டை என்றால் கரு கருக்குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம். பிபி 110 இருக்கிறதே என்று அவரை வரிசையில் உட்கார வைக்காதீர்கள். மகப்பேறு மருத்துவரையும் ரத்த வங்கியையும் அப்போதே கூப்பிடுங்கள்.

முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், ஆனால் நோயாளி வெளிறி, வியர்த்து, அமைதியில்லாமல் இருந்தால் கால் மணி, அரை மணிக்கொரு முறை ப்ரோப்பைத் திரும்ப வைத்துப் பாருங்கள். ஐவிசி அளவையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். முடிந்தவரை ஒரே ஆள், ஒரே இடத்தில் அளக்கட்டும்.