பாஸ் லூரும் நம் கொடுவாயும்: பரமக்குடி நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பரமக்குடியிலிருந்து ஒரு நேயர் சற்று நீளமாகவே எழுதியிருக்கிறார். அமெரிக்கக் காணொளிகளில் பாஸ் மீன்பிடிப்பைத் தொடர்ந்து பார்த்துவந்த அவர், அதே வகை ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் (நரம்பு சுற்றும் உருளை) ஒரு பெட்டி நிறைய லூர் எனப்படும் செயற்கை இரைகளும் வாங்கி, ஞாயிறுதோறும் காலை பத்து மணியளவில் மண்டபம் கடற்கரையிலும் பாம்பன் பக்கத்திலும் வீசிப் பார்க்கிறார். இதுவரை ஒன்றும் அடிக்கவில்லை. நம் கடலில் பாஸ் உண்டா, எங்கே எப்போது போக வேண்டும், வாங்கிய லூர்களெல்லாம் வீண்தானா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. அவர் காணொளிகளில் பார்ப்பது பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் மீன். வட அமெரிக்காவின் ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் உரிய நன்னீர் மீன் அது, நம் கடலில் கிடையாது. அதன் உலகச் சாதனை எடையே 22 பவுண்டு 4 அவுன்ஸ்தான், அதாவது ஏறத்தாழ 10 கிலோ. 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது அது, 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதற்கு இணையான ஒன்றைப் பிடித்தார். நம் கழிமுகங்களில் திரியும் கொடுவாய்க்கு 10 கிலோ என்பது நடுத்தர வயது எடை. முழு வளர்ச்சி அடைந்தால் அது 60 கிலோ வரைகூடப் போகும் மீன். ஏசியன் சீபாஸ் என்றும் பாரமுண்டி என்றும் வெளிநாட்டுக் காணொளிகளில் வருவதும் இதே கொடுவாய்தான். ஆகவே இனிமேல் தேடும்போது பாரமுண்டி என்று தேடினால் உங்களுக்குப் பயன்படும் செய்திகள் அதிகம் கிடைக்கும்.

இரண்டு மீன்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, ஆனாலும் வேட்டையாடும் குணம் ஒன்றுபோலவே இருக்கிறது. இரண்டும் இரையைத் துரத்தித் திரிவதைவிட, ஒரு மறைவில் ஒதுங்கி நின்று, அருகில் வருவதை வாயைத் திறந்து உறிஞ்சி விழுங்குவதையே விரும்புகின்றன. அதனால்தான் மரக்கட்டையின் ஓரம், பாசியின் விளிம்பு, பாலத் தூணின் நிழல் என்று குறிபார்த்து வீசும் பாஸ் முறை கொடுவாய்க்கும் அப்படியே பொருந்துகிறது. பொருந்தாத இடம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் நம் நேயர் வெறுங்கையோடு திரும்புவதற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். ஏரியில் தண்ணீர் நிற்கிறது; கழிமுகத்தில் தண்ணீர் நடக்கிறது.

கடல்நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது என்பதையும், ஏழு நாளில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரமாகிவிடுகிறது என்பதையும் வாரம் ஒருமுறை மட்டும் போகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நீர் ஏறி நின்றால், அடுத்த ஞாயிறு அதே பத்து மணிக்கு வற்றி நிற்கும். அதோடு, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பலமாக இருக்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் நீர் சோம்பிக் கிடக்கும். ஆகவே ஒரு ஞாயிறு நல்ல நீராகவும் மறு ஞாயிறு மந்தமான நீராகவும் மாறி மாறி வருவதுதான் இயல்பு. கடிகாரத்தைப் பார்த்துப் போகிறவருக்கு இது அதிர்ஷ்டமாகத் தோன்றும். பஞ்சாங்கத்தில் திதியைப் பார்த்துப் போகிறவருக்கு அப்படித் தோன்றாது.

பாக் நீரிணைப் பக்கத்தில் ஏற்ற வற்றத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். கடற்கரையில் நின்று பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் அந்தச் சிறிய வித்தியாசம் ஒரு குறுகிய வாயின் வழியாக வெளியேற வேண்டியிருக்கும் இடத்தில் அது ஓர் ஓட்டமாகிவிடுகிறது. இப்படிப்பட்ட வாய்களைத்தான் நீங்கள் தேட வேண்டும். நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆற்றங்கரை, அதாவது அழகன்குளத்துக்கு அருகில் வைகை கடலைத் தொடும் முகத்துவாரம். வைகைத் தண்ணீரில் பெரும்பகுதி வழியிலுள்ள கண்மாய்களிலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயிலும் தங்கிவிடுவதால், பல ஆண்டுகளில் இங்கு வந்து சேர்வது மிகக் குறைவு. நல்ல மழை பெய்த ஆண்டில் கலங்கிய ஆற்றுநீர் கடலுக்குள் இறங்கும்போது, தெளிந்த கடல்நீரும் கலங்கல் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு கிழித்ததுபோல் எல்லை தெரியும். மடவைக் குஞ்சுகளும் இறாலும் அந்த எல்லையில் அலையும், கொடுவாய் கலங்கல் பக்கத்தில் ஒளிந்து நின்று தெளிந்த பக்கத்தில் வருவதை அடிக்கும். வீச வேண்டியது அந்த எல்லையை ஒட்டித்தான். நம் ஆட்கள் பெரும்பாலோர் இடுப்பளவு நீரில் இறங்கி நின்று ஆழ்கடலை நோக்கி எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசுகிறார்கள். பல வேளைகளில் மீன் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறது.

காரங்காட்டு அலையாத்திக் காட்டுக் கால்வாய்களும் இதே வகை நீர்தான். ஆனால் அது வனத்துறையின் பொறுப்பில் உள்ள பகுதி. படகுச் சவாரிக்கு அனுமதிப்பதை மீன்பிடிக்க அனுமதிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சவாரி போய், நீர் வற்றும்போது வேர்களுக்கிடையிலிருந்து குஞ்சு மீன்கள் எப்படி வெளியேறுகின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள். லூரை எப்படி நகர்த்த வேண்டும் என்பதை அந்த ஒரு சவாரி கற்றுக்கொடுத்துவிடும்.

எந்தக் கட்டத்தில் வீசுவது என்று கேட்டால், நீர் வற்றத் தொடங்கிப் பாதி கடந்த பிறகு அடிமட்டம் தொடும் வரை உள்ள நேரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். உள்ளே பரந்து கிடந்த சிறு மீன்களுக்கு அப்போது ஒதுங்க இடமில்லாமல் போகிறது. எல்லாம் ஒரே வாயின் வழியாக வெளியே வந்தாக வேண்டும். அந்த நேரம் விடியலோடோ பொழுது சாய்வதோடோ சேர்ந்து அமைந்தால் அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. கொடுவாய்க்கு மங்கிய ஒளியில் பார்வை நன்றாகத் தெரியும். இரவில் டார்ச் அடித்தால் அதன் கண் சிவப்பாக மின்னுவதை நீங்களே பார்க்கலாம். அதற்காக நீரின் மேல் விளக்கை அடித்துக்கொண்டே நிற்க வேண்டாம், மீன் விலகிவிடும்.

பருவத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி உண்டு. ஒரே மாவட்டத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்), தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) என்று இரண்டு கடல் இருக்கிறது. வைகாசிக்குப் பின் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வலுத்து, கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர்ப் பக்கம் தென்கடல் கொந்தளிக்கும்போது, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வடகடல் அமைதியாக இருக்கும். ஐப்பசியில் வாடை பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். அந்த வாடைக் காலத்தில், மழை ஓய்ந்து காற்று சற்றுத் தணியும் இடைவெளிகள்தான் முகத்துவாரத்தில் கொடுவாய்க்கு ஏற்ற நாட்கள். வாடை பல நாள் தொடர்ந்து வீசினால் வடகடல் நீர் கரையில் குவிந்து நிற்கும் என்பதால், திதியை வைத்துப் போட்ட கணக்கும் அப்போது பிசகும். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் "நீவாடு எப்படி இருக்குது அண்ணே" என்று நீரோட்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்வது எந்தச் செயலியையும்விட நம்பகமானது. கேட்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நீருக்கடியில் யாருடைய வலை எங்கே கட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். மூன்று முள் கொக்கி மாட்டிய லூர் ஒரு வலையில் சிக்கினால் உங்களுக்கு லூர்தான் போகும், அவருக்குப் பிழைப்பு போகும்.

ராடு பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஏழு முதல் எட்டு அடி ராடு, 4000 அளவு ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) போதும். லீடரில், அதாவது லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பில், மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 50 பவுண்டு நரம்பு ஒரு முழ நீளமாவது வேண்டும், ஏனென்றால் கொடுவாயின் செவுள் மூடி விளிம்பு கத்தியைப் போல் நரம்பை அறுக்கும். லூர் என்றால் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள, மடவை நிறத்திலான ஒன்றும், வால் ஆடும் ரப்பர் மீன் சிலவும் போதுமானவை. ஓட்டத்தின் மேல்பக்கம் வீசி, நீர் இழுத்து வரும் வேகத்திலேயே லூரை வரவிட்டு, நரம்பு தொய்ந்துவிடாத அளவுக்கு மட்டும் சுற்றுங்கள். இடையிடையே நிறுத்துங்கள், அடி பெரும்பாலும் நிறுத்திய நொடியில்தான் விழும். உயிருள்ள இறாலைத் தூண்டில் முள்ளில் கோத்து விடுகிறவர் பக்கத்தில் நின்றால் அவருக்குத்தான் முதலில் மீன் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லூர் வீசுவது நம் விருப்பத்துக்காகவே தவிர, மீனுக்கு அது பெரிய விருந்தல்ல.

முள் ஏறியதும் கொடுவாய் நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். அந்த வேளையில் ராடை உயர்த்திப் பிடித்தால் முள் கழன்றுவிடும். ராடின் நுனியை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் வளைத்துப் பிடிக்க வேண்டும். கரைக்கு வந்த மீனைச் செவுளில் விரல் விட்டுத் தூக்காதீர்கள், தையல் போட வேண்டியிருக்கும். பாஸ் காணொளிகளில் செய்வதுபோல் கீழ்த்தாடையை மட்டும் பற்றிச் செங்குத்தாகத் தொங்கவிடுவதும் கனமான மீனுக்குக் கேடு. ஒரு கை தாடையிலும் மறு கை வயிற்றின் அடியிலுமாகக் கிடையாகத் தாங்குங்கள். கொடுவாய் முதலில் ஆணாகவே பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஆகவே எட்டு, பத்து கிலோவுக்கு மேல் வருவது பெரும்பாலும் பல லட்சம் முட்டையிடும் தாய்மீன். வீட்டுக்கு இரண்டு, மூன்று கிலோ மீன் போதும் என்பதும் பெரியதைத் திருப்பி விட்டுவிடுவதும் என் வழக்கம். பிழைப்புக்குப் பிடிக்கிறவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை, பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

பாம்பன் பற்றியும் கேட்டிருந்தார். அங்கே பாறை மீனும் கலவாயும் அடிக்கும், ஆனால் இரண்டு கடலுக்கும் நடுவே நீவாடு பாய்கிற இடம் அது. புதியவர் தனியாகப் பாறைகளில் இறங்கி நிற்கக் கூடாது. ரயில் பாலத்தின் பக்கம் போகவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை, வள்ளக்காரர் யாராவது அழைத்துப் போகிறேன் என்று சொன்னாலும் மறுத்துவிடுங்கள். சேற்று நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருப்பது வலியைத் தணிக்கும். அதன் பிறகு மருத்துவமனைக்குப் போவது கட்டாயம். ஓரா மீனின் முள் குத்தினாலும் இதையே செய்யுங்கள்.

இனி அந்த லூர்ப் பெட்டி. மீன் வடிவ லூர்களில் உள்ள கொக்கிகள் நன்னீருக்கென்று செய்யப்பட்டவை. கொடுவாயின் இழுப்பில் நிமிர்ந்துவிடும், உப்பில் துருப்பிடிக்கும். அவற்றைக் கழற்றிவிட்டுத் தடித்த கடல் கொக்கிகளை மாட்டினால் அந்த லூர்கள் இங்கே நன்றாகவே உழைக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி வையுங்கள். ரப்பர் தவளை லூர்களைக் கடலுக்குக் கொண்டுவர வேண்டாம். பரமக்குடியைச் சுற்றி எத்தனையோ கண்மாய்கள் இருக்கின்றன, அங்கே விரால் இருக்கிறது. அல்லிக்கொடி படர்ந்த கண்மாயில் இலைகளின் மேல் தவளையைத் தத்தவிட்டால் விரால் இலையோடு சேர்த்து அடிக்கும். நம் நாட்டில் பாஸ் காணொளிக்கு மிக அருகில் வரும் அனுபவம் அதுதான். கண்மாய் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், ஆகவே குத்தகைக்காரரிடம் முதலில் கேளுங்கள். நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று மிதப்பதைக் கண்டால் அதன் கீழே தாய் தந்தை விரால் காவல் நிற்கும். தவளையைக் கண்டதும் பாய்ந்து அடிக்கும் என்பதால் பிடிப்பது மிக எளிது, ஆனால் பிடித்தால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அந்த இடத்தை விட்டு அடுத்த கரைக்குப் போய் வீசுங்கள்.