குறிப்பை வெட்டிப் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். குறுக்கெழுத்துன்னா சாதாரணமா அர்த்தம் சொல்லி விடை கேக்குறதுதான் நமக்குத் தெரியும், 1913 டிசம்பர் 21-ம் தேதி நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில ஆர்தர் வின் போட்ட முதல் புதிரும் அந்த மாதிரிதான். சங்கேதக் குறிப்பு வர்ற கஷ்டமான வகை அப்புறம் வந்தது, இங்கிலாந்துல 1920-கள்ல டார்க்கமாடாங்கிற புனைபெயர்ல ஒருத்தர் அதை வளர்த்தாரு. நான் இன்னைக்கு பேச வந்தது அதைப் பத்திதான், ஏன்னா முதல் தடவை அதைப் பாக்குற முக்கால்வாசி பேரு நமக்கு மூளை இல்லைன்னு நெனச்சு மூடி வச்சுடுறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

ஒரு குறிப்பு சொல்றேன். "பரி சுமந்ததில் கொஞ்சம் வெகுமதி", மூணு எழுத்து. படிச்ச உடனே மனசுல ஒரு குதிரை வந்துடும், முதுகுல மூட்டை இருக்கும், நீங்களும் மூட்டைக்குள்ள என்னன்னு தேட ஆரம்பிச்சுடுவீங்க, அங்கதான் மாட்டிக்கிறோம். அந்தக் குதிரையை விட்ருங்க! நேரடி அர்த்தம் எப்பவும் குறிப்போட ஒரு ஓரத்துல இருக்கும், முன்னாடி இல்லைன்னா கடைசியில, நடுவுல வராது. இங்க கடைசி வார்த்தை வெகுமதி. மிச்சம் இருக்கிறது விடையை செய்யுற வழி. "கொஞ்சம்"னா பக்கத்துல இருக்கிற எழுத்துல கொஞ்சம் எடுன்னு அர்த்தம், "பரி சுமந்ததில்" இதை இடைவெளி இல்லாம எழுதிப் பாருங்க, முதல் மூணு எழுத்து பரிசு. அவ்ளோதான்.

இந்த மாதிரி சைகை வார்த்தைங்க நிறைய இருக்கு, கலைந்து குழம்பி சிதறின்னு வந்தா எழுத்தை மாத்திப் போடணும், தலையில்லாமன்னா முதல் எழுத்து போயிடும், திரும்பின்னா பின்னாடி இருந்து படிக்கணும். "குலவி திரும்பினால் ஒதுங்கு". குலவியை திருப்புங்க, விலகு. எனக்கு இதுல இருக்கிற அழகு சொல்லி முடியாது, கொஞ்சுறதும் ஒதுங்குறதும் ஒரே மூணு எழுத்துக்குள்ள உக்காந்திருக்கு பாருங்க.

முதல் ரெண்டு மாசம் நான் ஒரு புதிரைக்கூட முழுசா முடிக்கல. மறுநாள் விடை வந்ததும் ஒவ்வொரு விடையையும் குறிப்போட சேத்து வச்சு இது எப்படி வந்துச்சுன்னு பின்னாடியே போய் பாப்பேன். விடையைப் பாத்தா ஏமாத்துன்னு சிலர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், சைகை வார்த்தைங்களை நான் கத்துக்கிட்டதே அப்படித்தான்.

இன்னொண்ணு, தமிழ்ப் புதிர்ல ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து, "வி"ன்னா அதுவே ஒண்ணு, "ல்" தனியா ஒண்ணு. நம்ம எழுத்து மொத்தம் 247 இருக்கிறதால, குறுக்க வர்ற விடையிலிருந்து ஒரே ஒரு எழுத்து கிடைச்சாலே பாதி சந்தேகம் தீந்துடும். அதனால மேலிருந்து வரிசையா போகாதீங்க, தெரிஞ்ச இடத்துல தொடங்கி அதைத் தொட்டு ஓடுற விடைக்கு போங்க.

கடைசியா ஒண்ணு குடுத்துட்டு உக்காந்துக்குறேன், ரெண்டு எழுத்து. இதுல சைகை வார்த்தையே கிடையாது, ரெண்டு பாதியும் தனித்தனியா ஒரே விடையை சொல்லும், எங்க வெட்டுறதுங்கிறதுதான் விஷயம்: "கழுத்தில் விழும் பொழுது".